நடுச்சுவரில் ஒரு கதவு

கடலோரப் பட்டினம் ஒன்றில் ஒரு பழைய தெரு இருந்தது. அங்கே வீடு மகள்களுக்குத்தான். மருமகன்கள் வந்து குடியேறுவார்கள். ஒரு தகப்பனார் தன் நீண்ட வீட்டை இரண்டாக்கி, நடுவே சுவர் எழுப்பி, சுவரில் ஒரு கதவும் வைத்து, ருகையாவுக்கும் தங்கை ஜொஹராவுக்கும் கொடுத்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் நடுவே இப்படிக் கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே குழம்புக் கிண்ணத்தோடு நாலு வீடு போய் வருவார்கள்.

தன் மகளின் நிக்காஹுக்குத் தங்கையை முறையாக அழைக்க வேண்டுமென்று ருகையா பட்டுடுத்தித் தெருவாசல் வழியாகப் போனாள்.

"நான் என்ன அந்நியமா, தெருவைச் சுத்தி வர்றே?" என்றாள் ஜொஹரா.

பேச்சு முற்றியது. ருகையா திரும்பி வந்து நடுக்கதவில் தாழ்ப்பாளைப் போட்டாள். தங்கையும் அந்தப் பக்கம் போட்டிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் போயிற்று.

"என் வேலையை நீ பார்க்கிறே. பேசாம சுவராவே ஆயிடேன்," என்று சுவர் கதவைக் கேலி செய்யும்.

"என்னை ஏன் ஏசுறே? தாழ்ப்பாளைக் கேளு."

"போட்டாங்க, பிடிச்சேன். எடுக்க யாரும் வரலையே," என்று முனகும், துருவேறிய தாழ்ப்பாள்.

அந்தப் பக்கம் ஜொஹரா இருமினால் ருகையாவுக்குக் கேட்கும். என்னவென்று போய்க் கேட்க முடியாது. கண்ணில் படாமலிருந்தால் மனசு ஆறுமென்று, கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கக் கொத்தனார் சுடலைமுத்துவை வரவழைத்தாள்.

"வந்துட்டார் பாரு, என் ஆளு!" என்றது சுவர்.

"அந்தப் பக்கமும் தாழ் போட்டிருக்குமேம்மா?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"போட்டுத்தான் வச்சிருப்பா. உடைச்சிடுங்க."

சுடலைமுத்து இந்தப் பக்கத் தாழ்ப்பாளைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். அது அழுதுகொண்டே நகர்ந்தது. உடைக்கும் முன் கதவில் சும்மா கையை வைத்துப் பார்த்தார்.

திறந்துகொண்டது. ஒரு கிறீச் இல்லை.

அவர் கீலைத் தொட்டு விரலை முகர்ந்தார். "தேங்காய் எண்ணெய்ம்மா. நேத்து விட்ட மாதிரி இருக்கு."

கீலுக்கு நேர் கீழே, தங்கை வீட்டுத் தரையில், கறுப்பாக ஒரு வட்டம். ஒருநாளில் சொட்டிய கறையல்ல அது. ருகையா அதைப் பார்த்தபடியே நிலைப்படியைத் தாண்டினாள்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு அக்காவை எட்டிப் பார்த்தாள் ஜொஹரா.

"இந்த வழியா வர உனக்கு இவ்வளவு நாளா, லாத்தா?"

"கலவை இறுகுதும்மா," என்றார் கொத்தனார். யார் காதிலும் விழவில்லை.

சுவர்தான் கதவிடம் மெல்லச் சொன்னது: "என் மேல நல்லா சாய்ஞ்சுக்கோ. இனிமே ஆளு போக வர இருக்கும்."