சுருளன் வைக்காத இலைகள்

கடலைக் கொல்லையை ஒட்டிய காட்டில், ஓர் இலுப்பை மரத்தில் இரண்டு அணில்கள் குடும்பம் நடத்தின. மனைவி பூவரி, கணவன் சுருளன். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று ஆனபோது மூன்று குட்டிகள் இருந்தன. மூன்றும் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரியும் ஜோடி, தீனி சேர்த்து வைத்த இடத்திலெல்லாம் ஓர் இலை வைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே மரங்கொத்தி பங்கு பிரிக்கும். அதுவரை பொந்துத் தீனியை யாரும் தொடக்கூடாது.

பூவரி முதல் நாளே பொந்து வாசலில் இலை வைத்தாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"உன் இலை எங்கே?" என்றது மரங்கொத்தி.

"வால்ல முள்ளு குத்திருச்சு ஐயா! நாளைக்கு வெக்கிறேன்!" என்றான் சுருளன்.

அந்த வாலோடுதான் அன்று மாலை மூன்று மரம் தாவினான்! மறுநாள், "வெச்ச இலை காத்துல போயிருச்சு!" என்றான். அதற்கு மறுநாள், "எங்கே புதைச்சேன்னு மறந்துபோச்சு!"

கொல்லையில் கடலை பறித்து முடிந்திருந்தது. எங்கும் வெறுந்தரை. பூவரிக்குப் பால் வற்றத் தொடங்கியது.

எட்டாம் நாள் சுருளன் வந்தான். "பொந்துத் தீனியில பாதியை எடுத்துக்கிட்டுப் போயிடு. பிள்ளைங்க பசியில கத்துதே, பாவம்!"

சரி என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் பாதிப் பொந்து அடைமழைக் காலம் முழுவதற்கும் போதாது.

"முதல்ல இலையை வை," என்றாள்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மழையின் இரண்டாம் நாள் கடைக்குட்டி இறந்துபோனது. பூவரி அதை வெகுநேரம் நக்கிக்கொடுத்தபடியே இருந்தாள்.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பாறையோரத்தில், வேலியடியில், புதர்களுக்குள் கொத்துக் கொத்தாகக் கடலை முளைத்திருந்தது! யாரும் விதைக்காத இடங்கள். சுருளன் பதறியடித்துத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"யாருது இதெல்லாம்?" என்றது மரங்கொத்தி.

"என்னுது! யாரும் தொடாதீங்க!"

"நல்லது. நீ மறைச்சது பூரா உனக்கே. இவ காட்டின பொந்து பூரா இவளுக்கு!"

சுருளன் மேலும் தோண்டினான். முளைக்காததெல்லாம் கறுத்து அழுகி நாறியது.

பூவரி பொந்திலிருந்து மூன்று கடலைகளை எடுத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப வைத்தாள்.

காட்ட வேண்டியதைக் காட்டாமல் நாள் கடத்துவதும் திருட்டுதான். அந்த நாட்களைப் பசியோடு கழிப்பது இன்னொருவர்.