பாகற்காய் அல்வாவுக்குச் சாட்சி

வேம்பூர் ஜமீன்தார் தாமே பாகற்காய் அல்வா கிண்டி ஊருக்கு விருந்து வைத்து, தாமும் பந்தியில் உட்கார்ந்தார்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"அமிர்தம் எசமான்!" என்று எல்லோரும் திருப்தியாக இலையை மடித்தார்கள்.

"அப்போ இனிமே வீட்டுக்கு வீடு தினமும் இதுதான் பலகாரம்! இது என் உத்தரவு!"

எச்சில் இலை எடுக்க வந்த சுடலி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"யாருக்கும் பிடிக்கலைங்கிறியா? ஒருத்தர் வாயையும் கிளறாம நிரூபி. இல்லேன்னா மிச்ச அண்டாவும் உனக்குத்தான்!"

"வாய் உங்களுக்குப் பயப்படும் எசமான். இலைக்கு என்ன பயம்?" என்றவள் மடித்த இலைகளை விரித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றிலும் அல்வா வைத்தது வைத்தபடி பளபளத்தது.

கடைசியாக, பந்தியின் தலை இலைக்குக் குனிந்தாள்.

"தொடாதே! உத்தரவு வாபஸ்!" என்று அலறிய ஜமீன்தார் பாய்ந்துவந்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அது அவர் சாப்பிட்ட இலை.