பாஸான கதை

"மிஸ், பொய்யை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் யோகச்சந்திரன்.

"உங்களுக்குத் தெரியாததோ, யோகண்ணை? இவ்வளவு காலம் மீன் வித்தனீங்கள்."

"மீனெண்டால் செவுளைத் தூக்கிப் பாத்தால் காணும். மனுசனுக்கு எதைத் தூக்கிறது?"

திலகேஸ்வரி சிரித்தார். வாசலில் ஆள் வந்து நின்றது.

ரொறன்ரோவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது திலகேஸ்வரியின் அறை. அவர் உளவியலாளர். அகதிக் கோரிக்கை வைத்தவர்களை வழக்கறிஞர்கள் அவரிடம் அனுப்புவார்கள். அவர் ஆளோடு பேசிப் பார்த்து, இவருடைய மனம் எந்த நிலையில் இருக்கிறது, சொல்லும் காரணத்துக்கும் அந்த நிலைக்கும் பொருத்தம் உண்டா என்று அறிக்கை எழுதுவார். அறிக்கை விசாரணை மேசைக்குப் போகும். சிலருக்கு அதுதான் கடைசிப் பிடி.

யோகச்சந்திரன் அவரிடம் தொழில் பழகுகிறவர். வயதில் குருவைவிட மூத்தவர். மீன் மொத்த வியாபாரத்தில் நாலு பேரிடம் ஏமாந்து, நாற்பது பேரை மடக்கி, ஐம்பது தாண்டிய பிறகு படிக்க வந்தவர். ஆகவே அவர் "மிஸ்" என்பார், குரு "அண்ணை" என்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

வந்தவர் பெயர் கேதீஸ்வரன். நாற்பது வயது இருக்கும். இது இரண்டாவது சந்திப்பு. அடுத்த மாதம் விசாரணை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. யோகச்சந்திரனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் ஆர், டொக்டர்? போன முறையும் கேக்க நினைச்சனான்."

"என்னட்டைப் படிக்கிறவர்."

"இந்த வயசிலயோ?" கேதீஸ்வரன் நம்பவில்லை. "இமிகிரேசன் ஆளோ?"

"இமிகிரேசனிலை எனக்கு ஆர் ஐசே வேலை தாறது?" என்றார் யோகச்சந்திரன். முகம் சிவந்துவிட்டது.

கேதீஸ்வரனின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

திலகேஸ்வரி எழுந்து கடிகாரத்தைக் கழற்றினார். பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். பற்றரியை உருவி அவருடைய கையில் வைத்தார்.

"உள்ளுக்குக் கமெரா ஒண்டும் இல்லை. வைச்சிருங்கோ. போகேக்கை தாங்கோ."

கேதீஸ்வரன் பற்றரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

அவரைப் பிடித்துப் போய் ஒரு மண்டபத்தில் அடைத்தார்களாம். கண்ணைக் கட்டினார்களாம். அடித்தார்களாம். கட்டை அவிழ்த்தபோது கூரையில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் ஒரு தென்னோலை மட்டும் தெரிந்ததாம். அந்த ஓலையைப் பார்த்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாராம்.

ஓலை வந்ததும் அழுதார். போன முறையும் அந்த இடத்தில்தான் அழுதார்.

யோகச்சந்திரன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். அந்த ஓலையை அவர் முன்பே கேட்டிருக்கிறார். இதே அறையில், இதே நாற்காலியில், வேறொருவர் வாயிலிருந்து. அந்த ஆளின் வழக்கு வென்றுவிட்டது. அதை இங்கே சொல்லக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுப்பது இந்தத் தொழிலில் குற்றம். ஆனால் மனிதருக்குச் சூடு தலைக்கேறிவிட்டது. வேறு வழி பார்த்தார். குரலை இனிப்பாக்கிக்கொண்டார்.

"ஓலைக்குப் பக்கத்திலை ஒரு வேப்பமரமும் நிண்டதெல்லோ?"

"ஓம்."

"பெரிய மரம்?"

"ஓமோம். பெரிய வேப்பமரம்."

"அந்த மரத்தை நான் இப்பத்தான் நட்டனான்."

கேதீஸ்வரன் நாற்காலியில் பின்னுக்கு ஒதுங்கினார்.

"ஆருக்கு ஐசே விக்கிறீர் உந்தச் சாமானை?" யோகச்சந்திரன் மேசையில் தட்டினார். தேநீர் சிந்தியது. "ஓட்டைக்குள்ளால ஓலை மட்டும் தெரிஞ்சது எண்டீர். நான் கேட்ட உடனை மரம் முளைக்குதோ? உண்மையாப் பட்ட சனம் வெளியில நிக்குது. நீர் வந்து உள்ளுக்கு இருந்து நாடகம் போடுறீர்!"

"யோகண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ," என்றார் திலகேஸ்வரி. சிந்தியதைத் துடைத்தார். அவசரப்படாமல் துடைத்தார்.

"ஆற்றை கதை இது? ஆர் தந்தது?" என்று கேதீஸ்வரனைக் கேட்டார்.

கேதீஸ்வரன் முகத்தைத் துடைத்தார்.

"என்னோடை இருக்கிறவர். பேஸ்மெண்டில நாலு பேர் இருக்கிறம். அவரின்ரை கேஸ் பாஸ். 'இது பாஸான கதை, தம்பி, பயப்பிடாமக் கொண்டுபோ' எண்டு தந்தவர். ஒரு சதம் வாங்கேல்லை. நல்ல மனுசன். ரெண்டு கிழமை இருந்து சொல்லித் தந்தவர்."

"அழுகிற இடமும்?"

"அதுவும்."

"கேட்டீங்களோ, மிஸ்!" என்றார் யோகச்சந்திரன்.

திலகேஸ்வரி அவர் பக்கம் திரும்பவில்லை. "உங்கடை கதையை ஏன் சொல்லேல்லை?"

"என்ரை கதையில ஒண்டும் இல்லை, டொக்டர்."

"ஒண்டும் இல்லாததைச் சொல்லுங்கோ."

"எல்லாற்றை வீட்டிலயும் நடந்ததுதான். எங்கடை ஒழுங்கையில எந்தப் படலையைத் திறந்தாலும் அதுதான். அதைப் போய் ஒரு கேஸ் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு."

"நான் உங்கடை ஒழுங்கையில இருந்தனானோ? எனக்குத் தெரியாதே."

கேதீஸ்வரன் கையிலிருந்த பற்றரியை உருட்டினார்.

"சண்டை முடிஞ்ச அண்டைக்கு எல்லாரும் தண்ணியைக் கடந்து வந்தம். இஞ்சாலை ஆமிக்காரர் மைக்கில சொல்லிச்சினம். இயக்கத்தில ஒரு நாள் இருந்தவையெண்டாலும் வந்து பதியுங்கோ, பதிஞ்சிட்டு விடுவம் எண்டு. தம்பியை இயக்கத்துக்கெண்டு ஒரு பத்து நாள் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். சின்னப் பெடியன். அவன் மாட்டன் எண்டு அம்மாவுக்குப் பின்னாலை ஒளிஞ்சான். நான்தான், ஒளிச்சாப் பிறகு கரைச்சலடா, இப்பவே பதிஞ்சிட்டு வா எண்டு கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனனான். பஸ்ஸில ஏத்தி விட்டனான். சன்னலாலை பாத்தவன். நான் கை காட்டினனான்."

"பிறகு?"

"பஸ் போச்சுது."

கேதீஸ்வரன் அழவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

"தேடி எல்லா இடமும் போனம். அம்மா தம்பியின்ரை படத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு ரோட்டில இருந்தவ. நான் ஊரெல்லாம் மனு எழுதினன். பிறகு வீட்டுக்கு ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். ஏன் தேடுறாய், ஆர் சொல்லித் தேடுறாய் எண்டு. ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போய் இருத்தி வைச்சு விட்டவை. பெரிசா அடிக்கேல்லை. மூண்டாம் தரம் வருவினம் எண்டு அம்மாதான் அனுப்பினவ. அவ்வளவுதான். பாத்தியளே, ஒண்டும் இல்லை."

"இஞ்சை எப்பிடி வேலைக்குப் போறனீங்கள்?" என்று கேட்டார் திலகேஸ்வரி.

"நடந்து."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்டரை மணித்தியாலம். பனியெண்டால் கூட."

"பஸ் ஓடுதே."

கேதீஸ்வரன் தரையைப் பார்த்தார். "ஏறேலாது," என்றார்.

திலகேஸ்வரி பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"வடிவாக் கேளுங்கோ. நீங்கள் இரவல் கதை சொன்னதையும் நான் எழுதுவன். மறைக்கமாட்டன். இண்டைக்கே உங்கடை லோயரிட்டைப் போய் நீங்களாச் சொல்லவேணும். குடுத்த வாக்குமூலத்தைத் திருத்தச் சொல்லிக் கேக்கவேணும்."

"அப்ப நான் துலைஞ்சன்."

"துலையலாம். ஒருக்காப் பொய் சொன்னவர் எண்டு தள்ளி விடலாம். நான் உத்தரவாதம் தரேல்லை."

"சொல்லாட்டி?"

"நான் ஒண்டும் எழுதமாட்டன். அந்தக் கதையோடை நீங்கள் தனியாப் போகலாம்."

கேதீஸ்வரன் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எழுதினா, தம்பியின்ரை பேரும் வருமோ?"

"வரும்."

"நான் பிடிச்சுக்கொண்டு போனதும்?"

"அதுவும் வரும்."

அவர் திரும்பி வந்து பற்றரியை மேசையில் வைத்தார்.

"சுதாகரன்," என்றார். "எழுதுங்கோ. நான் லோயரிட்டைப் போறன்."

கதவு சாத்திக்கொண்டது. படியில் இறங்கும் சத்தம் மெதுவாகக் கேட்டு நின்றது. யோகச்சந்திரன் சன்னலுக்குப் போய்ப் பார்த்தார். கேதீஸ்வரன் பஸ் தரிப்பிடத்தைக் கடந்து, கழுத்துப் பட்டியை உயர்த்திக்கொண்டு நடந்தார். யோகச்சந்திரனுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. ஏமாந்து ஏமாந்து வளர்ந்த மனம் அது.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. முதல் கதை பேஸ்மெண்டில ஒருத்தர் குடுத்தது. ரெண்டாவதை இன்னொருத்தர் குடுத்திருந்தால்?"

திலகேஸ்வரி கடிகாரத்தை மடியில் வைத்துப் பற்றரியைப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கதை இரவல் வாங்கிறவன் அதிலை அடி வாங்கினவனா நிக்கத்தான் வாங்குவான், யோகண்ணை. தம்பியைக் கையில பிடிச்சுக் குடுத்தவனா நிக்கிறதுக்கு ஆர் போய் இரவல் கேக்கிறது?"