சோத்தாங்கைப் பக்கத்து மாடம்

முன்னொரு காலத்திலே பூவரசூர் நாட்டைச் சிங்கராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றால் உட்கார்ந்து ஆண்டான் என்று நினைத்துவிடாதீர்கள்! சபை மண்டபத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் நடந்துகொண்டே இருப்பான். கால் நின்றால் அவனுக்கு மூச்சே நின்ற மாதிரி.

அன்றைக்கு மண்டபமே அல்லோலகல்லோலப்பட்டது. ராஜமுத்திரை மோதிரத்தைக் காணோம்!

"காலையில் நடந்துகொண்டே யோசித்தேன். விரல் இறுக்கியது. கழற்றி மாடத்தில் வைத்தேன். என் சோத்தாங்கைப் பக்கம், நடு மாடம்!" என்று ராஜா கத்தினான். சிம்மாசனத்தில் கிழக்கே பார்த்து உட்காருவான், எழுவான், மறுபடி உட்காருவான். அவன் வலப்பக்கம் தெற்குச் சுவர். அதன் நடு மாடத்தில் விளக்குக் கரிதான் இருந்தது.

தளவாய் கொம்பய்யனுக்கு மந்திரி நல்லபெருமாள் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். விடுவானா? "மகாராஜா, சொல்லவே நாக் கூசுகிறது. மந்திரியார் அந்த மாடத்தில் கைவிட்டு எடுத்ததை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்!"

"பொழுது சாய்வதற்குள் மோதிரம் வரவேண்டும். வராவிட்டால் மந்திரிக்குக் கழுமரம்!" என்றான் ராஜா.

நல்லபெருமாள் கண்முன்னே பெண்டாட்டி பிள்ளைகள் முகம் வந்து வந்து போனது. எடுக்காத மோதிரத்தை எங்கே போய் எடுப்பது? இருப்புக்கொள்ளாமல் ராஜா பின்னாலேயே அவரும் நடந்தார். மேற்கே போன ராஜா சட்டென்று கிழக்கே திரும்பினான். வடக்குச் சுவர்ப் பக்கம் இருந்த வலக்கை தெற்குச் சுவர்ப் பக்கம் வந்துவிட்டது. அட!

"தளவாயாரே, நீர் பார்த்தது தெற்குச் சுவர் மாடம்தானே? அப்புறம் பேச்சு மாறமாட்டீரே?"

"இதே மாடம்தான். என் தலை பந்தயம்!"

"மகாராஜா, மோதிரத்தைக் கழற்றும்போது ஏதாவது சத்தம் கேட்டதா?"

"கேட்காமல்? பட்டத்து யானை பிளிறி என் இடது காதே அடைத்துப்போச்சு!"

"கொஞ்சம் சிம்மாசனத்தில் உட்காருங்கள். யானைக் கொட்டாரம் இப்போது எந்தப் பக்கம்?"

"வலப்... அடடே!"

"தலைக்குள்ளே இடத்தை ரெண்டு விதமாக வைத்திருக்கிறோம் மகாராஜா. ஒன்று உடம்போடு ஒட்டியது. நாம் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும். இன்னொன்று ஊரோடு ஒட்டியது. கொட்டாரம் என்றைக்கும் தெற்கேதான். சத்தம் இடது காதில் விழுந்ததென்றால் அப்போது நீங்கள் மேற்கே பார்த்து நடந்தீர்கள். உங்கள் சோத்தாங்கை வடக்கே இருந்தது."

ராஜாவே ஓடினான். வடக்குச் சுவர் நடு மாடத்தில் மோதிரம் சொகுசாகக் கிடந்தது! அதை மந்திரி விரலில் மாட்டி, "இனி நீரே வைத்திரும். என் கையில் நிற்காது" என்றான்.

பிறகு தளவாயைப் பார்த்தான். "நடக்காததையெல்லாம் பார்த்தீராமே! பந்தயம் கட்டிய தலை கழுத்திலேயே இருக்கட்டும். ஆனால் இன்று முதல் நான் எப்படித் திரும்பினாலும் என் சோத்தாங்கைப் பக்கம்தான் நிற்கவேண்டும். தவறினால் தெரியுமல்லவா?"

ராஜா மேற்கே நடந்தான். தளவாய் வடக்கே ஓடினான். ராஜா திரும்பினான், தளவாய் தெற்கே பாய்ந்தான். ராஜாவும் நிற்கவில்லை, தளவாயும் நிற்கவில்லை. கதைதான் இங்கே நின்றது.