பூட்டுவதற்கு முன் ஒரு குரல்

புதுக்கோட்டைப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த கூடம், சமையற்கட்டு, கிணறு, அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு இணையதளம் இருந்தது.

குரு வடிவாம்பாள் அம்மாவுக்கு வயது நாற்பதுக்கு மேல். இணையதளத்தைக் கவனித்துக்கொண்ட சீடர் சிதம்பரநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அம்மா என்று கூப்பிடுவார், அம்மா அவரை ஐயா என்று கூப்பிடுவார். வயதுக் கணக்கை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

சிதம்பரநாதன் மின்வாரியத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கோடு கோணலாகப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு ஒரு சமயம் நிஜமாகவே சோறு இறங்காமல் போயிற்று. மனைவி இறந்த பிறகு, திருச்சி வீட்டில் தனியாக உட்கார்ந்து, அடுப்பையே பற்ற வைக்காமல் கிடந்தார். ஒரு காலை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கைபேசியில் தட்டினார்: இனிமேல் எதற்குச் சாப்பிட வேண்டும்?

ஏதோ ஒரு பக்கம் திறந்தது. ஒரு பெண்ணின் குரல் பேசியது. கேட்டு முடித்ததும் எழுந்துபோய், தெருமுனைக் கடையில் இட்லி சாப்பிட்டார். பக்கத்தின் மேலே இந்த மடத்தின் பெயர் இருந்தது. மறுநாளே வந்துவிட்டார். "நெட்ல பார்த்து வந்தேன்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

அதற்கப்புறம் அந்தக் குரல் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கைபேசி மாறிவிட்டது; அதே கேள்வியைத் தட்டினால் வேறு ஏதேதோ பக்கங்கள் வந்தன. அம்மாவின் பேச்சுப் பதிவுகளையெல்லாம் வெட்டி ஒட்டி, அழகாக அடுக்கி வைத்தவரே அவர்தான். அவற்றில் எதிலும் அது இல்லை. அவர் நினைவில் அது வாழ்வையும் சாவையும் பற்றிய பெரிய உபதேசம். நடுவில் ஒரு மணியோசை கூடக் கேட்டது. இன்னொரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஒரு நாள் நாமக்கல்லிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"சார், என் பேரைப் போட்டுத் தேடினா, உங்க சைட்ல நான் அம்மாகிட்ட அழுத பதிவுதான் மொதல்ல வருது. சம்பந்தி வீட்ல கேட்டுட்டாங்க சார்."

சிதம்பரநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா சமையற்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நேரே அங்கே போய் நின்றார்.

"அம்மா, தேடுபொறிகளை உள்ளே விடறதா, தடுத்துடறதா?"

"யாரு அவங்க?"

"ஆள் இல்லம்மா, இயந்திரம். கூப்பிடாமலே வரும். ஒவ்வொரு அறையா நுழைஞ்சு பார்க்கும். பார்த்ததை ஊருக்கெல்லாம் சொல்லும்."

"தடுக்க முடியுமா?"

"வாசல்ல ஒரு சின்னக் கோப்பு வைக்கலாம். இந்த அறைக்குள்ள வராதேன்னு அதுல எழுதிட்டா, படிச்சுட்டுத் திரும்பிப் போயிடும்."

"எல்லாமே போயிடுமா?"

"மரியாதை தெரிஞ்சது போயிடும்."

"தெரியாதது?"

"எந்த அறைன்னு படிச்சுட்டு, நேரா அங்கதான் போகும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயக் கண்ணீரோடு சிரித்தார்.

"நாமே வழி காட்டின மாதிரி ஆச்சே ஐயா. சரி, அந்த நாமக்கல்காரர் அழுகை யாரோடது?"

"அவரோடது."

"அப்ப அது நம்ம வீட்ல எதுக்கு இருக்கு?"

அவர் நேரே கணினிக்குப் போனார். அன்றே, வந்தவர்கள் மனம்விட்டுப் பேசிய பதிவுகள் அத்தனையையும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார். தேடுபொறியின் நினைவிலிருந்தும் அவற்றை நீக்கும்படி எழுதிக் கேட்டார். பிறகு நாமக்கல்காரருக்குப் போன் செய்து சொன்னார்.

"நல்லா இருப்பீங்க சார்" என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கையில் துடைப்பம் வந்துவிட்டால் சிலருக்குப் பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்க வேண்டும். சிதம்பரநாதனின் கண் பழைய கோப்புகள் மேல் விழுந்தது.

அவருக்கு முன்னால் ஜெபசீலி என்ற கல்லூரிப் பெண் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பேசுகிற இடத்திலெல்லாம் பதிவுக் கருவியை வைத்தாள். விழுந்ததையெல்லாம் அப்படியே ஏற்றினாள். அது போதாதென்று, காதில் கேட்டதையெல்லாம் கீழே தட்டச்சும் செய்தாள். அம்மா இருமுகிறார். பால்காரர் வருகிறார். பாதிப் பேச்சு, பேச்சின் நடுவே தேங்காய் விலை, மறந்துபோன பாட்டு வரி. பொறுப்பேற்ற புதிதில் சிதம்பரநாதன் நாலைந்தைத் திறந்து பார்த்து, முகத்தைச் சுளித்து மூடியிருந்தார்.

இப்போது வாசல் கோப்பில் ஒரு வரி எழுதினார். தேடுபொறிகளே, பழைய கோப்புகள் பக்கம் வராதீர்கள். குருவின் பெருமைக்காகத்தான் செய்தார். அந்தப் பெருமையைக் காப்பாற்றச் சொல்லி அம்மா அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாடு முடிந்து அம்மா கூடத்துக்கு வந்ததும் சிதம்பரநாதன் சொன்னார்.

"பழைய கோப்புகளையும் மூடிட்டேன்மா."

"அதுல யாரோட அழுகையாவது இருக்கா?"

"இல்லம்மா. வெறும் குப்பை."

"பூட்டறதுக்கு முன்னாடி குரல் கொடுத்தீங்களா?"

அவருக்குப் புரியவில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரிசி அறையைப் பூட்டுகிறவர், உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். பதில் வருகிறதா என்று சற்று நிற்க வேண்டும். பிறகுதான் பூட்டலாம். முன்னொரு காலத்தில், மூட்டைகளுக்குப் பின்னால் அசந்து தூங்கிவிட்ட ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஊரே தேர் பார்க்கப் போய்விட்டதாம். அன்றிலிருந்து இந்த வழக்கம். பூனைக்குக் கூடத் தெரியும். குரல் கேட்டதும் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்தச் சாவி சிதம்பரநாதன் இடுப்பில்தான் தொங்கியது.

"கம்ப்யூட்டர்ல எப்படிம்மா குரல் கொடுக்கறது?"

"எனக்கென்ன தெரியும்? பூட்டறவர் நீங்க."

அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சிதம்பரநாதனுக்குக் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் மறுநாள் காலை கணினி முன்னால் உட்கார்ந்தார். அறையில் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிவிட்டு, திரையைப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்றார். பிறகு முதல் கோப்பை ஓடவிட்டார்.

இருமல். பால்காரர். அம்மா யாரையோ திட்டி, உடனே சமாதானம் சொன்னார். ஒரு கோப்பில் பாட்டு மறந்துபோய், அம்மாவே சிரித்துவிட்டார். அதைக் கேட்டு இவருக்கும் சிரிப்பு வந்தது. தான் வெட்டி அடுக்கிய பேச்சுகளில் அம்மா சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். "இதோ" என்றார், போகவில்லை.

அப்புறம் ஒரு கோப்பு. ஜெபசீலி அதற்கு வைத்திருந்த தலைப்பு: சாப்பாட்டு நேரம், பேச்சு முடியவில்லை.

அம்மா பொறுமையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கரண்டிச் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க. மொதல்ல சாப்பிடுங்க. கேள்வி எங்கயும் ஓடிப்போயிடாது."

யாரோ ஒருவர் தழதழத்த குரலில், "பரவால்லம்மா" என்றார்.

"என்ன பரவால்ல? எதுக்கு சாப்பிடணும்னு அப்புறம் யோசிக்கலாம். ஜெபசீலி, இலையைப் போடு."

ணங்கென்று ஒரு சத்தம். சிதம்பரநாதன் நெஞ்சுக்குள் இத்தனை காலம் ஒலித்த அந்த மணி.

கீழே தட்டச்சில் இருந்தது: பாத்திர மூடி விழுகிறது.

அவ்வளவுதான் அந்தப் பெரிய உபதேசம். சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். மனைவி போனபோது கூட இப்படி அழவில்லை. இது வேறு அழுகை. கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் திரையைக் கும்பிட்டார். கூப்பிடாமலே வந்து, குப்பைக்குள் நுழைந்து, இதைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்த பெயர் தெரியாத அந்த இயந்திரத்தையும் சேர்த்துக் கும்பிட்டார்.

பிறகு ஜெபசீலிக்குப் போன் செய்தார். அவள் இப்போது சாத்தூரில் இருந்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"அதெல்லாம் இன்னும் இருக்கா சார்? எனக்கு வெட்டத் தெரியாது, அதான் அப்படியே போட்டுட்டேன். நீங்க அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, இருக்கு" என்றார். "உனக்குக் கோடி புண்ணியம்."

"எதுக்கு சார்?"

"வெட்டத் தெரியாம இருந்ததுக்கு."

அவள் சிரித்தாள். அவர் போனை வைத்துவிட்டு, வாசல் கோப்பைத் திறந்து, தான் எழுதிய வரியை அழித்தார்.

கூடத்துக்கு வந்தபோது பந்தி முடிந்திருந்தது. எல்லோரும் கை கழுவிப் போய்விட்டார்கள். ஒரே ஒரு இலை மட்டும் போட்டபடி இருந்தது. பக்கத்தில் அம்மா விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"குரல் கொடுத்தீங்களா ஐயா?"

"கொடுத்தேன்மா."

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

சிதம்பரநாதன் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் இருந்தேன்மா."

அம்மா சாம்பார் வாளியின் மூடியைத் திறந்தார்.

"அப்ப வெளியே வாங்க ஐயா. மொதல்ல சாப்பிடுங்க."