யார் பக்கத்து வெளிச்சம்

நல்லதம்பியின் அயனி தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியில். ஷகீலாவின் அயனி மேற்குக் கோடியில். காற்று நீக்கிய எஃகுக் கலங்களுக்குள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. லேசர் பட்டு அவை விடும் ஒளித்துகள்கள் இழைகள் வழியாக நடு அறைக்கு வந்து ஒரே கண்ணாடியில் சேர வேண்டும். சரியாகச் சேர்ந்தால் தூரத்திலிருக்கும் அயனிகள் தொட்டுக்கொள்ளாமலே பிணைந்துவிடும். குவாண்டம் வலைப்பின்னலின் முதல் முடிச்சு அது.

அது விழுந்தால்தான் இருவருக்கும் முனைவர் பட்டம். விழுந்தபாடில்லை. நடந்ததெல்லாம் சண்டைதான்.

“உன் பக்கம்தான் ஒளியே வர்றதில்ல.”

“முதல்ல உன் லேசரைப் பாரு.”

படித்த பிள்ளைகள் வேறு. கேட்டுக் கேட்டுப் பேராசிரியர் மரகதவல்லிக்குத் தலைவலியே வந்துவிட்டது.

ஒருநாள் நல்லதம்பி அவர் அறைக்கு வந்தான்.

“மேடம், இனி அவ என்மேல பழி போட முடியாது. போன மாசமே என் இழையோட ஒரு சுருளைச் சேர்த்து நீளமாக்கிட்டேன். என் துகள் கொஞ்சம் பிந்தி வரும். எது என்னோடது, எது அவளோடதுன்னு பளிச்சுனு தெரியுது. என்னோடது ஒழுங்கா வருது.”

“பிணைப்பு?”

“அது மட்டும் வரல மேடம். ஏன்னு நீங்கதான் சொல்லணும்.”

மரகதவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“துகள் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? தேர்வுல எழுதி முழு மார்க் வாங்கினியே.”

“பிணைப்பு வரா...” அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவர் எழுந்து நடு அறைக்குப் போனார். சுருளைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார். ஷகீலாவையும் வரச்சொன்னார்.

“இன்னையிலேர்ந்து அவ லேசரை நீ பாரு. உன் லேசரை அவ பார்க்கட்டும். என் உயிரை எடுக்காதீங்க.”

இருவரும் முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறினார்கள். அடுத்தவர் மேசையில் என்ன குறை என்று தேடித் தேடிச் சரிசெய்தார்கள். அந்த வாரமே முடிச்சு விழுந்தது. ஷகீலா அழுதேவிட்டாள். பட்டம் இனிக் கைநழுவாது.

மரகதவல்லி ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது நல்லதம்பி மறுபடி வந்து நின்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்ன?”

“கட்டுரையில முதல் பேர் என்னோடதுதானே மேடம்? கண்ணாடிக்கு முதல்ல வந்த துகள் என் பக்கத்துது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

மரகதவல்லி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“அது தெரிஞ்சிருந்தா, எழுதறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காதேப்பா.”