செங்காலி குடைந்த இறகு

அந்தக் காலத்தில், பறவையும் புல்பூண்டும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இறகுத் தண்டுகளுக்குள் கொழுப்பு அடைந்து கிடந்தது. யாருடைய இறகு கனமோ அவருக்குத்தான் மரியாதை. அதற்காகவே விடிந்ததும் கொழுத்த மீனாகத் தேடித் தின்பார்கள். பறப்பதென்னவோ மரத்துக்கு மரம் தாவுகிற அளவுதான். பெருமைக்கு மட்டும் குறைச்சலில்லை!

ஒரு கோடையில் ஏரி வற்றிப்போனது. மலைக்கு அப்பால் தண்ணீர் இருந்தது. அவ்வளவு உயரம் ஏற யாராலும் முடியவில்லை. செங்காலி என்ற நாரையின் மூன்று குஞ்சுகளும் கூட்டில் வாயைத் திறந்தபடி துவண்டு கிடந்தன. அவற்றைச் சாகவிடுவதில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

கரையில் ஆடிக்கொண்டிருந்த நாணலிடம் போனாள்.

“அக்கா, இத்தனை உயரம் வளர்ந்தும் உனக்குப் பாரமே தெரியலையே, எப்படி?”

“உள்ளே ஒண்ணுமில்லடி. வெறும் குழல். பாரம் எங்கேருந்து வரும்?”

செங்காலி கூட்டுக்குத் திரும்பி, தன் இறகுத் தண்டை அலகால் குடைந்தாள். உயிர் போகிற வலி. ரத்தமும் கொழுப்புமாக வந்ததை வழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள்.

“பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?” என்று அவள் கணவன் வெண்கழுத்தன் கத்தினான். “இருக்கிற சத்தையும் எடுத்துட்டா செத்துப்போவே. ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டுங்க. பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டு இந்தக் கனத்தை வெச்சு நான் என்ன செய்யப்போறேன்? நீங்க கூட்டைப் பாத்துக்கங்க.”

கடைசி இறகும் குழலானதும் சிறகை விரித்தாள். காற்று அவளை அப்படியே தூக்கிக்கொண்டது. வெண்கழுத்தன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். மலையைத் தாண்டிப் போனவள் தொண்டை நிறையத் தண்ணீரோடு திரும்பி, ஒவ்வொரு வாயிலும் ஊற்றினாள். மூன்றும் பிழைத்தன. சிரிக்கக் காத்திருந்த பறவைகளெல்லாம் சத்தமில்லாமல் தங்கள் இறகைக் குடைய ஆரம்பித்தார்கள்.

பிற்காலத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாணல் தண்டையும் ‘குவில்’ என்றார்கள், இறகுத் தண்டையும் ‘குவில்’ என்றார்கள். இரண்டும் குழல்தானே. ஆனால் நாணலுக்கு வலித்ததில்லை.

அன்று முதல்தான், குஞ்சுக்கு முளைக்கிற இறகுத் தண்டில் முதலில் ரத்தம் ஓடி, பறக்கும் பருவத்தில் தானாக வற்றிக் குழலாகிவிடுகிறது. எந்தக் குஞ்சும் தன் இறகைக் குடைய வேண்டாமென்று, அந்த வலியைச் செங்காலியே பட்டு முடித்துவிட்டாள்.